பாவுக்கு அடியில் மூன்றாம் வகுப்பு

ஆரணி,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு.

அன்பு மைத்துனன் ஸ்டீவுக்கு,

ஆண்டவருடைய கிருபையாலும் உன் அக்கா வைக்கும் மிளகு ரசத்தாலும் உன் மாமா பவுல்துரை நலமாக இருந்து எழுதிக்கொள்வது. அங்கே நீயும் ஜாக்குலினும் குழந்தை டேனியும் சென்னைத் தண்ணீரையும் சென்னைப் போக்குவரத்தையும் சமாளித்துச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அக்கா சகாயமேரி உங்களுக்காக மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறாள். நான் எங்கள் சபை வழக்கப்படி நேரடியாகவே மேலே சொல்லிவிடுகிறேன். இரண்டு வழியில் போகிற விண்ணப்பத்தில் ஒன்றாவது போய்ச் சேராதா?

நிற்க. நீ வாட்ஸாப்பில் அனுப்பிய கேள்வி வந்து சேர்ந்தது. 'உங்கள் பள்ளிக்கு அரசு கூடுதலாகச் செலவிட்டதால் மாணவர்களின் கற்றல் மேம்பட்டதா?' என்று கேட்டிருந்தாய். கீழே 'ஆம்' என்று ஒரு கட்டம், 'இல்லை' என்று ஒரு கட்டம். மாமாவாச்சே, தெரிந்த பள்ளிக்கூடமாச்சே, சட்டென்று பதில் வந்துவிடும் என்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்து விரலை நீட்டினேன். விரலை நீட்டியவன் அந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் இருந்த வெள்ளை இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என் சுபாவம்தான் உனக்குத் தெரியுமே, ஒன்றைப் பார்க்க ஆரம்பித்தால் அதற்குள்ளேயே இறங்கிப் போய்விடுவேன், திரும்பி வர நேரமாகும். திரும்பி வந்தபோது காபி ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. உன் அக்கா எதிரில் நின்று, "ஒரு கேள்விக்கு இம்மாம் நேரமா? பரீட்சையில உங்க பசங்கள இப்டி வுடுவீங்களா நீங்க?" என்று கேட்டாள். அதனால்தான் கட்டத்தைத் தொடாமல் கடிதமாக எழுதுகிறேன்.

உன் ஆபீஸ் சென்னையில் உட்கார்ந்து இந்த மாதிரிப் பதில்களையெல்லாம் கூட்டிக் கழித்து மேலிடத்துக்கு அனுப்புகிறது என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆகவே இதில் எனக்கு ஒரு சுயநலம் உண்டு என்பதை மறைக்கவில்லை. எங்கள் நகராட்சித் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர்கள் இரண்டே பேர். பலகையில் தலைமையாசிரியர் என்று பெயர் எழுதியிருக்கிற நான் ஒருவன். மற்றவர் ரீனா டீச்சர். நான் என்ன செய்கிறேன் என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம், சொல்லிக் கொடுப்பது அந்தப் பெண்தான். பிள்ளைகள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே போவதால், ஆள் அதிகம் இருக்கிற பள்ளியிலிருந்து ஆள் இல்லாத பள்ளிக்கு ஆசிரியர்களை மாற்றுகிறார்களே, அந்தப் பணிநிரவல் பட்டியலில் ரீனாவின் பெயரும் வரக்கூடும் என்று மழைக்காலத்துக்கு முன்பே காதில் விழுந்தது. அவள் போய்விட்டால் அஞ்சு வகுப்பும் நானும் மட்டும்தான். நான் ஒரு வகுப்பைப் பார்த்துக் கனவு கண்டால் மற்ற நாலு வகுப்பும் தெருவில் இருக்கும். ஆனால் மதிப்பீட்டில் பிள்ளைகள் நன்றாகப் படிப்பதாகக் காட்டிவிட்டால், அவர்களைப் படிக்க வைக்கிற ஆளை யார் எடுக்கப் போகிறார்கள் என்று நான் ஒரு கணக்குப் போட்டேன். நீ புள்ளிவிவரம் படித்தவன், இந்தக் கணக்கில் தப்பு இருந்தால் சொல்லு.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அரசு எங்களுக்குச் செலவு செய்ததா என்றால் செய்தது, குறை சொல்லக் கூடாது. பழைய ஓட்டுக் கட்டடத்தைத் தள்ளிவிட்டு மூன்று வகுப்பறை கட்ட உத்தரவு வந்தது. அடித்தளம் வந்தது, சுவர் எழும்பியது, கூரை போட்டாயிற்று, வெளியே மஞ்சளும் உள்ளே வானநீலமும் அடித்தார்கள். உள்ளே மூன்று அறைகளைப் பிரிக்கிற இரண்டு குறுக்குச் சுவர்களுக்கு வந்தபோது பணம் தீர்ந்துவிட்டது. கம்பி விலை ஏறிப்போச்சு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அதனால் எங்களுக்குக் கிடைத்தது மூன்று வகுப்பறை இல்லை, ஒரே ஒரு நீள ஹால். ஸ்டீவ், அது என்ன ஹால் என்கிறாய்! இந்தக் கோடியில் நின்று 'உள்ளேன் ஐயா' என்றால் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்து 'ஐயா' என்று முடியும். கட்டி முடித்த அன்று நான் தனியாக உள்ளே போய் நின்றேன். கிழக்கு ஜன்னல்களில் வரிசையாக வெயில் இறங்கி, தரையில் வரிசையாக விழுந்து, நீலச் சுவரில் ஏறி, ஏதோ தண்ணீருக்கடியில் நிற்கிற மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கான்ட்ராக்டர் சுவரில் ஏதோ விரிசலைப் பார்த்துத்தான் அழுகிறேன் என்று பயந்து வெளியே ஓடிவிட்டார்.

அப்புறம் பிறை நிலா வடிவத்தில் மேசைகள் வந்தன. பச்சை நிலா, ஆரஞ்சு நிலா, ஊதா நிலா. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து குழுவாகப் படிக்க வேண்டுமாம். அப்புறம் ஒரு பெரிய திரை வந்தது, ஸ்மார்ட் போர்டு. சுவரில் மாட்டி, பட்டனைத் தட்டினால் ஒரு நீலக்கடல் தெரியும், அலை மெதுவாக வந்து வந்து போகும், பின்னால் ஒரு புல்லாங்குழல் வாசிக்கும், நடுவில் கடவுச்சொல் கேட்கும். கடவுச்சொல்லைத் தெரிந்தவர் திருவண்ணாமலையில் இருக்கிறார். அவர் வருகிற வரைக்கும் கடல் இருக்கட்டும், பிள்ளைகள் கடலையாவது பார்க்கட்டும் என்று நான் ஓடவிட்டேன். மத்தியான சாதமும் சாம்பாரும் சாப்பிட்ட வயிறு, புதுக் கட்டடத்துக் குளிர்ச்சி, ஜன்னல் வழியாக ஏரிக்காற்று, புல்லாங்குழல். முதலில் ஒன்றாம் வகுப்பு சாய்ந்தது. அப்புறம் ஒவ்வொரு நிலாவின் மேலும் ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது. எல்லாரும் தூங்கிவிட்டார்களே, யாரைக் கண்டிப்பது என்று யோசித்தபடியே நானும் சாய்ந்துவிட்டேன். என் கனவில் எங்கள் ஹால் ஒரு ரயிலாக மாறிப் போளூர் ஸ்டேஷனில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது, பிள்ளைகள் ஜன்னலில் தலையை நீட்டி வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு போனார்கள். வங்கிக்குப் போயிருந்த ரீனா டீச்சர் திரும்பி வந்து எழுப்பியபோதுதான் விழித்தேன். "சார், ஒரு பேரன்ட் வந்து பாத்துட்டு, இன்னிக்கு லீவு போலன்னு திரும்பிப் போய்க்கினு இருந்தாரு, நான்தான் வழியில நிறுத்தினேன்" என்றாள். அந்தத் திரைக்கு இன்றுவரை கடவுச்சொல் வரவில்லை. அணைத்து வைத்தால் கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கிறது, அஞ்சாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் அதைப் பார்த்து ரிப்பன் கட்டிக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில் நீ 'இல்லை' என்ற கட்டத்தில் விரலை வைத்திருப்பாய். எடு. இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

ஐப்பசி மழை இந்த வருஷம் விட்ட பாடில்லை. எங்கள் பள்ளி இருக்கிற தெரு முழுக்கத் தறிக்காரர்கள் என்பது உனக்குத் தெரியும். பட்டுச் சேலையின் நீளவாட்டு இழைகளைத்தான் பாவு என்கிறார்கள். சாயம் ஏறி வந்த பாவை விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, சிக்கெடுத்து, இரண்டு கையாலும் தடவித் தடவி நேராக்கி, உருளையில் சுற்றித் தறிக்கு எடுத்துப் போவார்கள். மழை பெய்தால் தெருவில் பாவு போட முடியாது. பாவு போடாவிட்டால் தறி ஓடாது, தறி ஓடாவிட்டால் வீட்டில் அடுப்பு ஓடாது. அப்படி மழை விடாமல் பெய்த ஒரு சாயங்காலம் வேடியப்பனும் அவர் மனைவி தமிழ்ச்செல்வியும் குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார்கள். மூன்றாம் வகுப்புக் கண்ணகியின் அப்பா அம்மா. வந்தவர்கள் என்னைப் பார்க்கவில்லை, ஹாலைப் பார்த்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கண்ணாலேயே அளந்தார்கள்.

"சார், எங்க தெரு நீளம் அப்டியே இருக்குது சார்" என்றார் வேடியப்பன். "பெல் அடிக்கிறதுக்குள்ள முடிச்சினு போயிடுவோம். கல்யாண ஆர்டரு சார், மழை வுடவே மாட்டேங்குது."

நான் அப்போது ஜன்னல் கம்பியில் ஒரு மழைத்துளி இன்னொரு துளிக்காகக் காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ கேட்கிறார்கள் என்று புரிந்தது, தலையை ஆட்டிவிட்டேன். என் தலை நான் இல்லாத நேரத்திலும் ஆடக்கூடியது. சாவியையும் கொடுத்திருக்கிறேன் போல, மறுநாள் விடிகாலையில் பள்ளிக்குப் போனால், ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டு ஆறு இடுப்பு உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று தடவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் நிலா மேசைகள் பாவைத் தாங்கிக்கொண்டு நின்றன. அந்த மேசைகள் வந்ததிலிருந்து உருப்படியாக ஒரு வேலை செய்தது அன்றைக்குத்தான். அரசுக் கட்டடத்தில் இப்படிச் செய்யலாமா என்று ஒரு கேள்வி எனக்குள் எழும்பத்தான் செய்தது. ஆனால் அந்த நிறத்தைப் பார்த்ததும் அது திரும்பிப் படுத்துக்கொண்டது.

மறுநாள் வேறொரு குடும்பம் வந்தது. அதற்கு மறுநாள் இன்னொன்று. பெற்றோர் கூட்டத்துக்குப் பத்துத் தடவை ஆள் அனுப்பினாலும் வராதவர்கள், கூப்பிடாமலே விடிகாலையில் வந்து பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்றார்கள். வீட்டில் விட்டுவிட்டு வர முடியாதே என்று பிள்ளைகளையும் கூடவே கூட்டி வந்தார்கள். ரீனா டீச்சர் இதைப் பார்த்தாள். அவள் என்னைப் போல் நிறத்தைப் பார்க்கவில்லை, காதுகளைப் பார்த்தாள். பாவு வேலையில் கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை, காது சும்மாதான் இருக்கும். அதற்குத்தான் எல்லாரும் செல்போனில் பாட்டை வைத்து ஜன்னலில் சாய்த்திருந்தார்கள். ரீனா ஒவ்வொரு ஜன்னலாகப் போய் ஒவ்வொரு பாட்டாக நிறுத்தினாள்.

"இன்னா டீச்சர் இது, பாட்டு இல்லாம கை ஓடாதே" என்றாள் தமிழ்ச்செல்வி.

"ஹால் வேணும்னா ஒரு கண்டிஷன்" என்றாள் ரீனா. "பாவு முடியற வரைக்கும் பாட்டு கிடையாது. உங்க பசங்க புக்கு படிப்பாங்க, நீங்க கேட்டுகினே வேலை செய்யணும்."

முதல் நாள் அது பெரிய பேஜாராகப் போயிற்று. பிள்ளைகள் எழுத்துக் கூட்டிக் கூட்டி, ஒரு வரியைத் தாண்டுவதற்குள் ஒரு முழம் பாவு தாண்டிப் போனது. ஆனால் ரீனா ஒரு தந்திரம் செய்திருந்தாள். பள்ளிக்கு வந்த கதைப் புத்தகங்களைப் பிள்ளைகள் புரட்டிப் புரட்டி முடித்துவிட்டார்கள் என்று, அவளே ஒரு கதை எழுத ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்து மேட்டு நிலத்தில் இருக்கிற ஒரு கிணறு, கடல் என்று ஒன்று இருப்பதாகக் காக்கை சொல்லக் கேட்டு, அதைப் பார்க்க ஒரு நாள் கிளம்பிவிடுகிறது. கயிற்றையும் வாளியையும் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளே இருக்கிற தவளையிடம் விஷயத்தைச் சொல்லாமல், மெதுவாகப் பெரணமல்லூர் ரோட்டில் நடக்கிறது. தினம் ஒரு தாள் எழுதி வருவாள், சரியான இடத்தில் நிறுத்திவிடுவாள். கிணறு செக்போஸ்ட்டில் மாட்டிக்கொண்ட இடத்தில் கண்ணகி ஒரு சொல்லில் தட்டுத் தடுமாறி நின்றாள். அவள் அப்பா வேடியப்பன் பாவின் அந்தக் கோடியிலிருந்து கத்தினார்.

"அப்பால இன்னா ஆச்சு? ஜல்தி படிம்மா! போலீஸ் புட்ச்சிகினாங்களா இல்லியா?"

அவ்வளவுதான் ஸ்டீவ், நான் முப்பது வருஷமாகப் பிரம்பாலும் மிட்டாயாலும் செய்ய முடியாததை அந்த 'அப்பால இன்னா ஆச்சு' செய்தது. அப்பாவைக் காக்க வைக்கக் கூடாது என்று அந்தப் பெண் ராத்திரியிலேயே உட்கார்ந்து பழைய பாடப் புத்தகத்தை வாசித்துப் பழகிக்கொண்டு வந்தாளாம். ஒருத்தி வாசித்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கார்த்திகை பிறக்கும்போது, மழைச் சத்தத்துக்கு மேலே, இந்தக் கோடியில் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, அந்தக் கோடியில் ஒரு பிள்ளை என்று கிணறு நடந்துகொண்டே இருந்தது. பெல் அடித்த பிறகும் பாவு முடியாத நாள்களில் மூன்றாம் வகுப்பைப் பாவுக்கு அடியிலேயே உட்கார வைத்துவிடுவோம். நானும் ஒரு நாள் அங்கே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். தலைக்கு மேல் மஞ்சள் பட்டு, அதன் வழியாக வடிகட்டி இறங்குகிற வெளிச்சம், பிள்ளைகளின் முகமெல்லாம் மஞ்சள், புத்தகமெல்லாம் மஞ்சள். ஆயிரம் இழைக்கு அந்தப் பக்கம் பெற்றவர்களின் கைகள் வருவதும் போவதும் நிழலாகத் தெரிந்தன. படிப்பு என்றால் இதுதானோ என்று எனக்குத் தோன்றியது. அதை வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போல, "சார் எந்திரிங்க, காலு பாவுல படுது" என்றார்கள்.

இந்த நேரத்தில்தான் மதிப்பீட்டு அலுவலர் வீரபாகு வந்தார். இவ்வளவு செலவு செய்திருக்கிறோமே, பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்று கையில் டேப்லட்டோடு அளக்க வருபவர். சொல்லிவிட்டுத்தான் வந்தார், தேதியை என்னிடம் சொல்லியிருந்தார், நான்தான் அந்த நேரத்தில் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறேன். மழைக்கோட்டு சொட்டச் சொட்ட வாசலில் ஏறி வந்து பார்த்தார். உள்ளே அரக்குச் சிவப்பில் கல்யாணப் பாவு கோடி முதல் கோடி வரை முறுக்கேறி நிற்கிறது. ரீனா போனாள், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"இன்னாங்க இது, பள்ளிக்கூடமா தறிக்கூடமா?" என்று அவர் ஆரம்பித்தார்.

அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. பாவு போட்டிருக்கும்போது அந்த வழியாக யார் வந்தாலும் ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், அது எங்கள் தெரு வழக்கம். யார், எவர் என்று கேட்பதே இல்லை, கை இருந்தால் போதும். கோடியில் பாவை இழுத்துக் கட்டிய கழியைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள் டீ குடிக்கப் போயிருந்தார். வேடியப்பன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அந்தக் கழியை வீரபாகுவின் இரண்டு கையிலும் திணித்து, "தளர வுடாதீங்கண்ணா, வுட்டா மொத்தமும் சிக்காயிடும், பொண்ணு வூட்டுக்காரங்களுக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். வீரபாகு கழியைப் பார்த்தார், பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விட முடியவில்லை. ஒரு குடும்பத்தின் கல்யாண ஆர்டர் அவர் கையில் நின்றது. கக்கத்தில் இருந்த டேப்லட் நழுவியது, கண்ணகி பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

ஆகவே மதிப்பீடு அப்படியே நடந்தது. அவர் கழியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கண்ணகி டேப்லட்டை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருக்கிறாள், மழை கூரையில் கொட்டுகிறது. "அதுல பத்தி ஒண்ணு இருக்கும் பாரு, படி" என்றார். அவள் பத்தியைப் படித்தாள். அதோடு நிற்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு நிறுத்தச் சொல்லும் வரை நிறுத்துகிற பழக்கம் இல்லையே. பத்திக்குக் கீழே அலுவலருக்காக எழுதியிருந்த 'மாணவர் திணறினால் உதவக் கூடாது, இங்கே தொடவும்' என்பதையும் படித்தாள். அதற்குள் திரையின் மேலே அவர் வீட்டிலிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது, அதையும் ராகமாகப் படித்தாள்: 'ஆரணி போனா இட்லி அரிசி வாங்கிட்டு வாங்க, போன தடவ மாதிரி ஏமாந்துட்டு வராதீங்க.' ஹால் முழுக்கச் சிரிப்பு, பாவே குலுங்கியது. வீரபாகு முகம் பாவின் நிறத்துக்குப் போனாலும் கழியை விடவில்லை. நல்ல மனுஷர்.

"சரி, 'சரளமாக வாசித்தார்'னு ஒண்ணு இருக்கும், அதைத் தொடு" என்றார் அவர். அவளே தொட்டாள். அடுத்த பிள்ளை வந்தது, அதுவும் வாசித்தது, கண்ணகியே தொட்டாள். மூன்றாம் வகுப்பு முடிந்து நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு எல்லாம் அப்படியே. டீ குடிக்கப் போன ஆள் திரும்பி வந்து கழியைக் கேட்டபோது, வீரபாகு கொடுக்காமல் கண்ணகியைப் பார்த்து, "காலைல நான் உள்ள வரும்போது ஏதோ கெணறுன்னு படிச்சிகினு இருந்தியே, அது அப்பால இன்னா ஆச்சு?" என்று கேட்டார். அன்றைக்குக் கிணறு வந்தவாசி ரோட்டில் ஒரு பஸ்ஸில் ஏறப் பார்த்து, கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கேட்கிற இடம். அவர் பாவு உருளையில் சுற்றி முடிகிற வரை நின்று கேட்டுவிட்டு, போகும்போது ரீனா டீச்சரிடம், "நல்லா படிக்கிறாங்கம்மா, ரிப்போர்ட்ல எழுதறேன்" என்று சொல்லிவிட்டு, இட்லி அரிசி எங்கே நன்றாக இருக்கும் என்று தமிழ்ச்செல்வியிடம் விசாரித்துக்கொண்டு போனார். ரீனா என்னைப் பார்த்துச் சிரித்தாள். இந்தப் பள்ளியை விட்டுப் போக வேண்டியதில்லை என்ற சிரிப்பு அது. எனக்கும் அன்றைக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

இப்போது சொல், எந்தக் கட்டத்தைத் தொடட்டும்? ஹால் இல்லாவிட்டால் பாவு இல்லை, ஹால் பணத்தால் வந்தது. குறுக்குச் சுவர் இருந்தாலும் பாவு இல்லை, குறுக்குச் சுவர் பணம் தீர்ந்ததால் வராமல் போனது. அப்போது நன்மை வந்த பணத்தாலா, வராத பணத்தாலா? மழையை எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது? 'அப்பால இன்னா ஆச்சு' என்று கேட்கிற அப்பாவை டெண்டர் விட்டு வாங்க முடியுமா? ஆனால் ரீனாவின் சம்பளமும் அரசு கொடுக்கிற பணம்தான், அவள் இல்லாவிட்டால் செல்போனில் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், என் பிள்ளைகள் நிலாவின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். யோசித்து யோசித்து எனக்குத் தோன்றியது இதுதான். பணம் ஒரு இடத்தைத் திறந்து வைக்கும், அதற்குள் ஒரு ஆள் வந்து நிற்க வேண்டும். ஆகவே 'ஆம்' என்றே போட்டுக்கொள். பக்கத்தில் சின்ன எழுத்தில் 'ரீனா டீச்சர் இருக்கிற வரை' என்று எழுத இடம் இருந்தால் எழுது.

உன் அக்கா உனக்கு இரண்டு படி ஆரணி அரிசி எடுத்து வைத்திருக்கிறாள். ஜாக்குலினுக்கு எங்கள் இருவரின் அன்பும், டேனியின் இரண்டு கன்னத்துக்கும் இரண்டு முத்தமும் சொல்லவும். கர்த்தர் உங்கள் வீட்டு வாசலையும் உங்கள் வேலையையும் காப்பாராக, மாதாவும் கூட இருந்து பார்த்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா,
பவுல்துரை

பின்குறிப்பு: மேலே எழுதியதை உடனே தபாலில் சேர்த்திருக்க வேண்டும். உன் அக்கா டேனிக்கு ஒரு சட்டை தைத்து இதோடு சேர்த்துப் பார்சலாக அனுப்பலாம் என்றாள், பட்டன் வைத்து முடிவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. முதலில் பாராட்டு. வாசிப்பில் எங்கள் பள்ளிதான் வட்டாரத்திலேயே முதலாம். காரணம் புதிய கட்டடமும் ஸ்மார்ட் போர்டும் என்று போட்டிருக்கிறார்கள். இவ்வளவு நன்றாக வாசிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியரே போதும் என்பதால், வாசிப்பில் பின்தங்கியிருக்கிற ஒரு பள்ளிக்கு, தேசூருக்கு அந்தப் பக்கம், ரீனா டீச்சரை மாற்றுகிறார்களாம். என் கணக்கில் தப்பு இருந்தால் சொல் என்றேன் அல்லவா, தப்பு அங்கேதான் இருந்தது. உத்தரவைப் படித்துவிட்டு ரீனா, "பரவால்ல சார், அங்கயும் பசங்கதானே இருக்காங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சாக்பீஸ் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள். எனக்குத் தாங்கவில்லை ஸ்டீவ்.

ஆகையால் மேலே உள்ளது அத்தனையையும் கிழித்துப் போடு. 'ஆம்' என்று போட்டிருந்தால் அழித்துவிட்டு 'இல்லை' என்று போடு. எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. பிள்ளையே பிள்ளைக்கு மார்க் போட்ட மதிப்பீடு செல்லாது என்று நானே மனு எழுதிக் கொடுத்துவிட்டேன், வருகிற வாரம் மறுபடி அளக்க வருகிறார்கள். அதற்குள் பிள்ளைகளைத் திணறி வாசிக்கப் பழக்குகிறேன். இன்று காலை ஒத்திகை பார்த்தேன். கண்ணகி நான் சொல்லிக் கொடுத்தபடியே முதல் சொல்லில் நின்றாள், இரண்டாவது சொல்லை உடைத்தாள், மூன்றாவதைத் தெரியாது என்றாள். எனக்கு நம்பிக்கை வந்தது. அப்போது, மழை விட்டும் எங்கள் ஹாலை விடாத பாவின் அந்தக் கோடியிலிருந்து அவள் அப்பா, "அப்பால இன்னா ஆச்சு?" என்று ஒரு குரல் கொடுத்தார். அவ்வளவுதான், பெண் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, மூச்சுக்கூட விடாமல் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டாள்.